முப்பது மில்லி போதும்

அப்தியாஸ் மன்சியாவின் இடது புருவத்தைக் காணவில்லை.

காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த நில்டாதான் முதலில் கவனித்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். கணவனின் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"கிழவா, புருவம் எங்கே?"

நாற்பத்தொரு வயது அப்தியாஸ் கல்யாணமான மறுநாளிலிருந்தே அவளுக்குக் கிழவன்தான்.

"எந்தப் புருவம்?"

"நேத்து வரைக்கும் உனக்கு ரெண்டு இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான் இருக்கு. இல்லாததைத்தான் கேக்கறேன்."

உண்மையைச் சொல்வதானால் இரண்டே வாக்கியம். எரிசாராய அடுப்பின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தான், அணையவில்லை. ஆனால் அதைச் சொல்ல முடியாமல் ஒரு சத்தியம் குறுக்கே நின்றது. போன வருஷம் கொட்டகையில் ஏதோ அடுப்பைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று பக்கத்து வீட்டு எலியேசரின் வேலியில் ஆறு பலகையைக் கொளுத்திவிட்டான். "இனிமே இந்த வீட்டு எல்லைக்குள்ள அடுப்பு, டின்னு, தகரம் எதையும் தொடமாட்டேன்" என்று நில்டா அன்றைக்கு அவனை மூன்று தடவை சொல்ல வைத்திருந்தாள்.

"சலூன்ல கை தவறிடுச்சு," என்றான்.

"யாரு, நம்ம ரெனேயா? என் சித்தப்பா பையனா இருந்தா என்ன, இப்பவே போன் போட்டுக் கிழிக்கிறேன் பாரு."

"வேண்டாம், வேண்டாம்! நான்தான் எடுக்கச் சொன்னேன். இப்ப அதுதான் ஃபேஷன்."

"ஒத்தைப் புருவமா?"

"இன்னொண்ணை இன்னைக்கு எடுக்கணும். ஒரே நாள்ல ரெண்டையும் எடுத்தா தோலுக்கு ஆகாதாம்."

சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டுமே. சாயங்காலம் வேலை பார்க்கும் கடையின் கழிப்பறையில் நின்று வலது புருவத்தையும் மழித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

நில்டா கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவிச்ச முட்டைக்கு யாரோ கண்ணு வரைஞ்ச மாதிரி இருக்கே," என்றாள். அதோடு விட்டுவிட்டாள். அவள் விட்டுவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அப்தியாஸ் வேலை பார்த்தது, காற்றுக்குப் பேர்போன நத்தாலெஸ் ஊருக்கு மலையேற வருகிறவர்களுக்குக் கூடாரமும் அடுப்பும் வாடகைக்குத் தரும் கடையில். திரும்பி வரும் சாமான்களைக் கழுவி, ஒட்டுப் போட்டு, மறுபடி அலமாரியில் ஏற்றுவது அவன் பொறுப்பு. நவம்பரில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பெண் தன் மூட்டையிலிருந்து ஒரு சின்ன அடுப்பை எடுத்துக் காட்டினாள். இரண்டு பீர் டின்னின் அடிப்பாகத்தை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தாள். ஓரத்தில் ஊசியால் குத்திய பதினாறு துளை. கையில் வைத்தால் ஒரு ரொட்டித் துண்டின் எடைகூட இல்லை. "இதுக்கு ஒரு காத்துத் தடுப்பு இருந்துச்சு. கணவாயில பறந்துபோச்சு. உங்களால ஒண்ணு செஞ்சு தர முடியுமா?" என்று கேட்டாள்.

ஒரு மணி நேரத்தில் கடைக் குப்பையிலிருந்த தகரத்தைச் சுருட்டி ஏதோ ஒன்றைச் செய்து கொடுத்தான். அவள் போய்விட்டாள். அவன் போகவில்லை. அந்த அடுப்பிலேயே நின்றுவிட்டான்.

காரணம் மார்ச் மாதம். ஒவ்வொரு மார்ச்சிலும் சபையின் ஆண்கள் முப்பது பேர் ஏரிக்கரையில் மூன்று நாள் முகாம் போடுவார்கள். ஜெபமும் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும். தேநீர்தான் இருக்காது. முகாமுக்குத் தலைவரான சகோதரர் எலியேசர் பெரிய காஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வருவார். அடுப்பு எரியும், ஆனால் அடிக்கிற காற்றில் சுடர் பக்கத்துக் கூடாரத்துக்குப் போய்விடும். பச்சைத் தண்ணீரில் தேயிலைத் தூளைப் போட்டு, அது கரையட்டும் என்று பாஸ்டர் ஜெபிப்பார். பதினான்கு வருஷமாக இதுதான் நடக்கிறது.

மூன்று பேருக்கு ஒன்று என்று சுமக்கிற மாதிரி பத்து டின் அடுப்பு. அதற்குப் பத்து காற்றுத் தடுப்பு. பாத்திரம் உட்கார பத்து தாங்கி. முப்பது பேருக்கும் கொதிக்கக் கொதிக்கத் தேநீர். தன் வாழ்நாளில் சபைக்கு ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று இருக்கட்டுமே என்று அப்தியாஸ் ஆசைப்பட்டான். செய்து முடித்த பிறகு சொன்னால் நில்டாவும் மன்னித்துவிடுவாள்.

புருவம் போன பிறகு கொட்டகையில் வைத்து எதையும் செய்ய முடியாது. எனவே வேலை விட்டதும் கடற்கரைச் சாலைக்குப் போனான். ஜனவரிக் காற்று. அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் தீக்குச்சியே நாலு தடவை செத்தது.

முதல் தடுப்பைச் சமையலறை அலுமினியத் தாளை நாலாக மடித்துச் செய்திருந்தான். வைத்தான். கையை எடுத்தான். தடுப்பு கிளம்பிவிட்டது. இவன் பின்னாலேயே ஓடினான். அது இடது பக்கம் போனால் இவன் இடது, அது வலது பக்கம் திரும்பினால் இவன் வலது. நடுவில் இரண்டு தடவை மண்டியிட்டு விழுந்தான். கடைசியில் அது ஒரு விளக்குக் கம்பத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. அப்தியாஸ் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, "இனிமே உன்னை விடமாட்டேன்டி," என்றான்.

"ஸ்தோத்திரம் பிரதர்," என்றது பின்னால் ஒரு குரல்.

ரொட்டி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு சகோதரர் எலியேசர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீடு, சபை மூப்பர், வேலி கருகியவர்.

"ஸ்தோத்திரம்," என்றான் அப்தியாஸ், கம்பத்தை விடாமல். விட்டால் தாள் பறந்துவிடும்.

"வீட்டுல கொண்டுபோய் விடட்டுமா?"

"வேண்டாம் பிரதர். கொஞ்ச நேரம் இப்படியே இருந்தா சரியாயிடும்."

எலியேசர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

மெல்லிய தாள் உதவாது, கொஞ்சம் கெட்டியான தகடு வேண்டும் என்று புரிந்தது. அதற்குப் பெரிய பீர் டின் சரியாக இருக்கும். ஆனால் குடிக்காதவன் வீட்டில் பீர் டின் எப்படி இருக்கும்? நத்தாலெஸ் ஊரிலேயே அது மூட்டை மூட்டையாகக் கிடைக்கிற இடம் கார்காமோவின் மதுக்கடை. அப்தியாஸ் பின்வாசல் வழியாகப் போனான்.

"மன்சியாவா! உன்னை இந்த வாசல்ல பாப்பேன்னு நினைக்கவே இல்லையே!" கார்காமோ சிரித்தான். "என்ன ஊத்தட்டும்?"

"ஒண்ணும் வேண்டாம். காலி டின்னு குடு. பெருசா இருக்கணும், நசுங்கி இருக்கக் கூடாது."

"காலியா?"

"காலிதான் வேணும்."

"சபைக்காரங்க ரொம்ப வித்தியாசமானவங்கப்பா," என்று சொல்லிவிட்டு ஒரு சாக்கு நிறைய அள்ளிக் கொடுத்தான்.

சாக்கு பாதி வழியில் கிழிந்தது. சபை வாசலுக்கு நேரே, இறக்கமான தெருவில். இருபத்து மூன்று டின்களும் கலகலவென்று உருண்டு இறங்கின. ஜன்னல்கள் திறந்தன. அப்தியாஸ் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது ரொட்டி வண்டி வந்து நின்றது.

"இது என்ன பிரதர்?"

"தெருவைச் சுத்தம் பண்றேன். யாரோ குடிச்சுப் போட்டிருக்காங்க."

"நல்ல காரியம். நானும் கை குடுக்கறேன்," என்று எலியேசர் இறங்கி, எல்லா டின்னையும் பொறுக்கி, ஒவ்வொன்றையும் ஷூக்காலால் மிதித்துத் தட்டையாக்கி, நகராட்சித் தொட்டியில் போட்டார். அப்தியாஸுக்கு நெஞ்சே நசுங்கியது. மறுநாளும் கார்காமோவின் பின்வாசலுக்குத்தான் போக வேண்டியிருந்தது. வெளியே வரும்போது எதிரே மறுபடி ரொட்டி வண்டி.

தடுப்பு ஒருவாறு நின்றது. இப்போது தாங்கி சரியில்லை. கூடார முளைகள் மூன்றை நட்டு அதன் மேல் பாத்திரத்தை வைத்தால், கொதிக்கப்போகும் சமயம் பார்த்து அது சாய்ந்து அடுப்பை அணைத்தது. கம்பி வலையை வளைத்து வைத்தால் உறுதியாக இருக்கும். வலை கோழிக்கூட்டில் இருந்தது. ஒரு முழம்தான் வெட்டினான். அந்த ஒரு முழத்தின் வழியாக நில்டாவின் நல்ல முட்டைக் கோழி வெளியே போய்விட்டது.

இதற்கிடையே எரிசாராயப் பாட்டிலின் மூடி இளகி, சட்டைப் பையில் வழிந்து, கோட்டெல்லாம் ஒரே நெடி. அதை மறைக்கப் புதினா மிட்டாய் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். ஒன்று போதவில்லை. ஐந்து போட்டுக்கொண்டான்.

"வாயில என்ன?" என்றாள் நில்டா.

"ம்பு...தினா."

"எதுக்கு?"

"தொண்டைக்கு."

நில்டா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததில்தான் ஆபத்து இருந்தது என்று அப்தியாஸுக்குத் தெரியவில்லை. எலியேசரின் மனைவி ஏற்கெனவே வேலிக்கு மேல் தலையை நீட்டி, கம்பம், டின், பின்வாசல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லியிருந்தாள். நில்டா மறுநாளிலிருந்து பகலில் சாப்பிடுவதை நிறுத்தினாள். கணவனுக்காக உபவாச ஜெபம்.

நாலாம் நாள் அப்தியாஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இளைச்சிருக்கே நில்டா. உனக்கு இது நல்லா இருக்கு. இப்படியே தொடர்ந்து இரு."

நில்டா முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். புகழ்ச்சி அவளை இவ்வளவு நெகிழ வைக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

பீர் டின் தகட்டிலும் ஒரு குறை இருந்தது. ஒட்டுப்போட்ட இடத்தில் காற்று புகுந்தது. தடுப்பும் தாங்கியும் தனித்தனியாக இருப்பதுதான் கோளாறு என்று ஒரு மத்தியானம் கூடாரம் கழுவிக்கொண்டிருந்தபோது திடீரென்று அவனுக்குத் தோன்றியது. ஒரே தகட்டைக் கூம்பாகச் சுருட்ட வேண்டும். மேலே பாத்திரத்தின் விளிம்பு அதில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கீழே மூச்சுவிட நாலு துளை. தடுப்பே தாங்கி! அதற்கு ஒட்டில்லாத, அகலமான, கெட்டி அலுமினியத் தகடு தேவை. அந்த அளவுக்கு அகலமான ஒரே தகடு நில்டாவின் அடுப்படியில் இருந்தது. ஆட்டுக்கறி வாட்டுகிற தட்டு. கல்யாணப் பரிசு.

இரண்டு நாள் மனசாட்சியோடு சண்டை போட்டான். மூன்றாம் நாள் வெட்டினான்.

அன்று சாயங்காலம் கடற்கரையில் காற்று நாய்க்குட்டியைத் தூக்கிப் போடுகிற வேகத்தில் அடித்தது. அப்தியாஸ் அளந்து முப்பது மில்லி ஊற்றினான். பற்றவைத்தான். கூம்பை வைத்தான், பாத்திரத்தை அதற்குள் இறக்கினான், கையை எடுத்தான். எதுவும் பறக்கவில்லை. ஏழாவது நிமிஷம் மூடி தடதடவென்று ஆடியது. அரை லிட்டர் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

அவன் சுற்றிலும் பார்த்தான். சொல்லிக்கொள்ள ஒரு ஆள் இல்லை. ஒரு கடற்பறவைதான் இருந்தது. அதனிடம் சொன்னான்.

வீட்டுக்குப் பாடிக்கொண்டே வந்தான். காற்றில் முகம் சிவந்திருந்தது, கண்ணில் நீர் வழிந்தது, கோட்டில் நெடி. விரலெல்லாம் தகரம் கிழித்த காயத்துக்குக் கட்டு. கதவைத் திறந்த நில்டாவை இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான்.

"நில்டா! ஏழு நிமிஷம்!"

"கீழே விடு."

"வெறும் முப்பது மில்லி! நீ நம்பமாட்டே!"

"நம்பறேன்," என்றாள் நில்டா. குரல் எங்கோ இருந்து வந்தது. அவனைப் படுக்கவைத்தாள், ஷூவைக் கழற்றினாள், போர்த்திவிட்டாள். பிறகு ஆட்டுத் தட்டு மாட்டியிருந்த வெறும் ஆணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முதலில் கோழி. இப்போது தட்டு. குடிக்கிறவர்கள் வீட்டில் சாமான் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போகும் என்று கேள்விப்பட்டிருந்தாள். பாஸ்டருக்குப் போன் செய்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பாஸ்டர் லெவிகான் வந்தார். கூடவே மூப்பர் என்ற முறையில் எலியேசர். நில்டா தேநீர் வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. அப்தியாஸ் மூன்று பேரையும் பார்த்தான், சுவரில் இருந்த வெறும் ஆணியைப் பார்த்தான். தட்டு விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டான்.

"பிரதர், நாங்க குறை சொல்ல வரலை," என்றார் பாஸ்டர் மென்மையாக. "உங்க வாயாலயே சொல்லிட்டா மனசு லேசாகும்."

"தெரிஞ்சுபோச்சா?"

"தெருவுக்கே தெரியும்," என்றார் எலியேசர்.

"எத்தனை நாளா இது?" பாஸ்டர் கேட்டார்.

"நவம்பர்லேருந்து பாஸ்டர்."

"தினமுமா?"

"வேலை விட்டதும் கொஞ்ச நேரம். ஞாயித்துக்கிழமை மட்டும் தொடமாட்டேன்."

"அந்த மட்டுக்கும் ஸ்தோத்திரம். ஒரு தடவைக்கு எவ்வளவு?"

இவ்வளவு அக்கறையாக யாரும் அவனிடம் கேட்டதே இல்லை. அப்தியாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஆரம்பத்துல அறுபது மில்லி இல்லாம ஒண்ணும் நடக்காது பாஸ்டர். இப்ப பழகிடுச்சு. முப்பது போதும். ஏழே நிமிஷத்துல உள்ளே தளதளன்னு கொதிக்க ஆரம்பிச்சுடும்."

பாஸ்டர் அறியாமல் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"முப்பதுலயா?" என்றார் எலியேசர். "எப்படி? முப்பது எந்த மூலைக்கு..." என்று ஆரம்பித்து இருமினார். "கேள்விப்பட்ட வரைக்கும் சொல்றேன்."

"மறைப்பு சரியா இருந்தா பத்தும் பிரதர். மறைப்புதான் எல்லாமே! திறந்த வெளியில செஞ்சா பாதி வீணாப்போயிடும். சுத்திவர மறைச்சுக்கிட்டா உள்ளே எரியறது வெளியே ஒருத்தருக்கும் தெரியாது."

"எங்க வீட்டுலயும் அது ஒருத்தருக்கும் தெரியலையே," என்று நில்டா விசும்பினாள்.

"யாரு கத்துக்குடுத்தது?" பாஸ்டர் கேட்டார்.

"டென்மார்க்லேருந்து ஒரு பொண்ணு கடைக்கு வந்தா. அவதான் முதல்ல காட்டினது."

"பொண்ணா!" என்று நில்டா வீறிட்டாள்.

"மலை உச்சியில உக்காந்துகூடப் பண்ணுவாளாம் நில்டா. அவ்வளவு தைரியம். நில்டா, அந்தக் கோழிக்கும் தட்டுக்கும் நான்தான் காரணம். உன்கிட்ட சொல்லாம செஞ்சது தப்புதான். ஆனா எனக்காக மட்டும் நான் இதைப் பழகலை." அவன் பாஸ்டர் பக்கம் திரும்பினான். "மார்ச் முகாம்ல நம்ம முப்பது சகோதரர்களுக்கும் குடுக்கணும்னுதான் எல்லாம்."

பாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். "முப்பது பேருக்குமா?"

"ஆமாம் பாஸ்டர். எத்தனை வருஷம்தான் குளிர்ல நடுங்கறது? ராத்திரி ஜெபத்துக்கு முன்னாடி ஆளுக்குக் கொஞ்சம் சூடா உள்ளே போச்சுன்னா பாட்டே வேற மாதிரி வரும்!"

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிரதர், இவ்வளவு வெளிப்படையா ஒத்துக்கிட்ட ஒரு மனுஷனை நான் பாத்ததில்லை. ஒண்ணு செய்யுங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனையில இதையே எல்லார் முன்னாடியும் சாட்சியாச் சொல்லுங்க. எப்படி ஆரம்பிச்சது, எவ்வளவு, எப்படி மறைச்சீங்க, எல்லாத்தையும். கேக்கறவங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்."

அப்தியாஸால் நம்ப முடியவில்லை. "எல்லாத்தையுமா? கையோட கொண்டுவந்து காட்டலாமா?"

"கொண்டுவாங்க," என்றார் பாஸ்டர் உறுதியாக. "சபைக்கு முன்னாடி வச்சே அதுக்கு ஒரு முடிவு கட்டிடலாம்."

"வீட்டுல மட்டும் இனிமே கிடையாதுன்னு சொல்லச் சொல்லுங்க பாஸ்டர்," என்றாள் நில்டா.

"சத்தியமா வீட்டுல கிடையாது!" என்றான் அப்தியாஸ். நாலு பேரும் முழங்காலிட்டு ஜெபித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக அழுதது எலியேசர்தான்.

வெள்ளியும் சனியும் அப்தியாஸுக்குப் பண்டிகை போலப் போனது. சபை ஆட்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அடுப்புக்கு இத்தனை ரசிகர்களா என்று அவனுக்கே திகைப்பு. படகுக்காரர் ஹெர்னான் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து காதோடு காதாகக் கேட்டார்.

"பிரதர், முதல் நாள்... கை ரொம்ப நடுங்குமா?"

"நடுங்கும். கையுறை போட்டுக்கங்க. கொஞ்சம் ரத்தம் வரும், பயந்துடாதீங்க."

"ரத்தமா?" ஹெர்னான் வெளிறிப்போய் வெளியேறினார்.

ஞாயிறு காலை. ஆராதனைக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. வாசலில் ஆட்களை வரவேற்கும் சிஸ்டர் சொய்லாவைக்கூட இடத்தில் காணவில்லை. சபைக்குள்ளே காற்று இல்லாத இடத்தில் காட்டினால் என்ன பெருமை? அப்தியாஸ் வாசல் படிக்கட்டிலேயே, காற்று நேராக மோதும் இடத்தில், கடை விரித்தான். அடுப்பு, கூம்பு, தண்ணீரோடு பாத்திரம், தேயிலைத் தூள், கோப்பை. கடைசியாகப் பாட்டில்.

பாஸ்டரும் நில்டாவும் உள்ளேயிருந்து வந்தார்கள். பாஸ்டர் பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். முகத்தில் ரத்தம் வற்றியது.

"பிரதர்... எரிசாராயமா? இதையா உள்ளே தள்ளினீங்க?"

"வேற எதைத் தள்ளுவாங்க பாஸ்டர்? இதுதான் சுத்தமா எரியும்."

"ஐயோ!" என்று நில்டா படியில் உட்கார்ந்துவிட்டாள். "குடல் வெந்திருக்குமே! அதான் புருவமெல்லாம் உதிர்ந்துபோச்சு பாஸ்டர்!"

அப்தியாஸ் அவளைப் பார்த்தான். பாஸ்டரைப் பார்த்தான். கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். முப்பது மில்லியும், தினமுமா என்ற கேள்வியும், விளக்குக் கம்பமும், கார்காமோவின் பின்வாசலும் ஒவ்வொன்றாக அவன் தலைக்குள் வந்து உட்கார்ந்தன.

"நில்டா," என்றான் மெதுவாக. "நான் குடிக்கறேன்னா நினைச்சுக்கிட்டிருக்கே?"

"குடிக்கலையா?"

"இது அடுப்பு!"

முப்பது மில்லியை அளந்து டின்னுக்குள் ஊற்றினான். தீக்குச்சியைக் கிழித்தான். கூம்பை வைத்து பாத்திரத்தை இறக்கினான். தெருமுனையில் ஒரு பெண்ணின் தொப்பி பறந்தது, எதிர்வீட்டுக் கூரையில் ஒரு தகரம் அடித்துக்கொண்டது, கூம்பு அசையவில்லை. மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஏழு நிமிஷம் ஆனது. மூடி தடதடவென்று ஆடியது.

நில்டா அந்தக் கூம்பை உற்றுப் பார்த்தாள். அதன் ஓரத்தில் பழகிய பூ வேலைப்பாடு.

"என் ஆட்டுத் தட்டு," என்றாள்.

"ஆமாம்."

"கோழி?"

"அது தானாப் போச்சு. வலையை மட்டும்தான் நான் எடுத்தேன்."

"எட்டு நாள்! எட்டு நாள் நான் பட்டினி கிடந்தேன்டா படுபாவி!" என்று பாட்டுப் புத்தகத்தால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "இளைச்சிருக்கே, நல்லா இருக்குன்னு வேற சொன்னியே!" இன்னொன்று. மூன்றாவதுக்குக் கையை ஓங்கியவள், புருவமில்லாத அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவேயில்லை. அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

பாஸ்டர் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். பதினான்கு வருஷத்தில் திறந்த வெளியில் அவர் குடித்த முதல் சூடான தேநீர். வாயைப் பொசுக்கியது. அவர் கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்," என்றார், முழு மனதாக.

"நான் இப்பவே உள்ளே போய், நான் குடிகாரன் இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் பாஸ்டர்," என்றான் அப்தியாஸ்.

"நீங்க எதுக்கு? நானே மேடையில சொல்றேன். உங்ககிட்ட மன்னிப்பும் கேக்கறேன்."

அப்போதுதான் சிஸ்டர் சொய்லா சபையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்திலிருந்து வந்தாள். இரண்டு கையிலும் கனமான பைகள். உள்ளே கண்ணாடி ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தது. பைகளைப் படியில் இறக்கி வைத்தாள். அடுப்பைப் பார்த்தாள், கூம்பைப் பார்த்தாள், சிரித்துக்கொண்டிருந்த நில்டாவைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவசர அவசரமாகத் தன் சால்வையை எடுத்து அடுப்பின் மேல் போட்டு மூடினாள்.

"பிரதர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் குடிகாரராவே இருந்துட்டுப் போங்க," என்றாள் தணிந்த குரலில். "நீங்க திருந்தின கதையைக் கேட்டு, காலையிலேருந்து பதினோரு பேர் பின்வாசல்ல என்கிட்ட பாட்டிலைக் குடுத்துட்டு உள்ளே போய் உக்காந்திருக்காங்க, முதல் பெஞ்சுல சகோதரர் எலியேசர்."